மலைக்கு எத்தனை கிலோமீட்டர்?

கள்ளக்குறிச்சிப் பக்கம் போனால் மனை விளம்பரங்களை நின்று படிப்பது எனக்கு ஒரு பழக்கம். அவற்றில் மண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. செம்மண்ணா களிமண்ணா, கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், போன கார்த்திகையில் அங்கே நெல் நின்றதா கரும்பு நின்றதா என்று யாரும் எழுதுவதில்லை. கலெக்டர் ஆபீசுக்கு ஐந்து நிமிடம், பைபாசுக்கு இரண்டு நிமிடம், பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம் என்றுதான் எழுதுகிறார்கள். வெள்ளைக் கல் நட்டு நிலம் விற்பவர் உண்மையில் விற்பது நிமிடங்களை.

இந்தத் தொழிலுக்கு ஒரு பாட்டன் உண்டு. வட ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் பண்ணை வைத்திருந்த யோஹான் ஹைன்ரிஹ் ஃபொன் தியூனன். 1783-இல் பிறந்தார். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்ததில்லை. 1810-இல் டெல்லோ என்ற இடத்தில் ஒரு பண்ணையை வாங்கி, வாழ்நாள் முழுவதும் அதன் வரவு செலவை எழுதிக்கொண்டே இருந்தார். உழவுக்கு எத்தனை ஆள், எருவுக்கு எத்தனை வண்டி, சந்தைக்குப் போய்வர எத்தனை நாள் என்று எல்லாம் கணக்கில் ஏறியது. நம் ஊர்ப் பெரிய குடும்பங்களின் பரணில் கிடக்கும் பேரேடுகளைப் போன்றவைதான் அவருடையவையும். வித்தியாசம், அந்தப் பேரேட்டிலிருந்து அவர் ஒரு நாட்டையே கற்பனை செய்தார். 1826-இல் வெளிவந்த ‘தனித்த நாடு’ என்ற நூலில், பரந்த சமவெளி ஒன்றின் நடுவில் ஒரே ஒரு நகரத்தை வைத்தார். ஆறு கிடையாது, மலை கிடையாது, எங்கும் ஒரே மண். சரக்கு போகக் குதிரை வண்டி மட்டும் உண்டு. இங்கே எந்தப் பயிர் எங்கே விளையும்? இதுதான் அவர் கேட்ட கேள்வி.

வண்டிக் குதிரைக்கு வழியில் தீனி வேண்டும். நகரத்துக்குத் தானியம் ஏற்றிப் போகும் வண்டி, அந்தத் தானியத்திலிருந்தே குதிரைக்கும் ஆளுக்கும் போகவர உணவு எடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம்? தியூனன் உட்கார்ந்து போட்ட கணக்கின்படி ஏறத்தாழ 50 ஜெர்மன் மைல். இன்றைய அளவில் சுமார் 370 கிலோமீட்டர். அதற்கு அப்பால் விளையும் தானியம், சந்தையைச் சுற்றிவிட்டு வருவதற்குள் குதிரையின் வயிற்றுக்குள் போய்விடும். மண் எவ்வளவு வளமாக இருந்தாலும் அங்கே தானியத்துக்கு விலை சுழி. ஒரு நிலத்தின் மதிப்பு அந்த நிலத்துக்குள் மட்டும் இல்லை, அது எதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதிலும் இருக்கிறது என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

அப்படியானால் நகரத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பயிர்கள் தாமாகவே அமையும். கெட்டுப்போகும் பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டி. அடுத்த வளையத்தில் தியூனன் வைத்தது காடு. முதலில் படிக்கும்போது இது அபத்தமாகத் தோன்றும். ஆனால் நகரத்துக்கு விறகு வேண்டும், விறகு கனமானது, விலையோ குறைவு. தொலைவிலிருந்து கொண்டுவந்தால் கட்டாது. நம்பாதவர்கள் பழைய சென்னையை நினைத்துப் பார்க்கலாம். ரயில் எஞ்சின்களுக்கும் நகரத்து அடுப்புகளுக்கும் எரிக்க, 19-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. மெக்லன்பர்க் பண்ணையார் வரைந்த இரண்டாம் வளையம், வேறொரு மரத்தால் இங்கே அமைந்தது. காட்டுக்கு அப்பால் தானியம், அதற்கும் அப்பால் மேய்ச்சல். ஆடுமாடு தன் காலால் நடந்தே சந்தைக்கு வந்துவிடும், வண்டிக்கூலி மிச்சம்.

இந்தக் கணக்கை வயலிலிருந்து ஊருக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் அலோன்சோ. 1933-இல் புவெனஸ் அயர்சில் பிறந்தவர், மொழியியல் அறிஞர் ஒருவரின் மகன். அமெரிக்காவில் படித்து, 1964-இல் இடமும் நிலப் பயன்பாடும் பற்றிய நூலை வெளியிட்டார். பயிர்களுக்குப் பதிலாகக் கடைகளையும் வீடுகளையும் வைத்தார், அவ்வளவுதான். ஆனால் இன்றைய நகரப் பொருளியலின் அடித்தளங்களில் ஒன்று அது. நகரத்தின் மையத்தில் ஒரு சதுர அடிக்கு யார் அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறாரோ அவருக்கு இடம். மற்றவர்கள் தள்ளிப் போக வேண்டியதுதான். எந்தச் சிறுநகரத்துப் பேருந்து நிலையத்திலிருந்தும் வெளியே நடந்து பாருங்கள். முதலில் நகைக்கடை, ஜவுளிக்கடை, செல்போன் கடை. பிறகு பாத்திரம், மளிகை மொத்த வியாபாரம். பிறகு டயர், சிமென்ட், மரவாடி. அப்புறம் நெல் அரவை ஆலையும் கல்யாண மண்டபமும். கடைசியில் வெள்ளைக் கல். யாரும் திட்டம் போட்டு வைத்ததில்லை.

ஆனால் மையம் எங்கே என்பதை மட்டும் சிலசமயம் யாரோ முடிவு செய்கிறார்கள். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதற்கு முன் இங்கிருப்பவர் ஆட்சியரைப் பார்க்க வேண்டுமானால் விழுப்புரம் போக வேண்டும், ஒரு நாள் கூலி போச்சு. ஒரு அரசாணையில், வரைபடத்தில் இருந்த சுழிப்புள்ளி மேற்கே நகர்ந்தது. எந்த வயலும் இடம் மாறவில்லை. விலை மாறிவிட்டது.

இனி, கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் ஏறலாம்.

ஊரைத் தாண்டியதும் நெல், கரும்பு, மறுபடி நெல். தியூனனின் வளையம் இங்கே ஒழுங்காக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஆறே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். இங்கே கோமுகியும் மணிமுக்தாவும் ஏரிகளும்தான் எது எங்கே விளையும் என்பதில் பாதியைத் தீர்மானிக்கின்றன. பாலும் இப்போது ஊரை ஒட்டி இருக்க வேண்டியதில்லை. குளிரூட்டிய டேங்கர் வந்ததும் முதல் வளையம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிந்துவிட்டது. ஆனால் கச்சிராயப்பாளையம் வந்ததும் பண்ணையாரின் கை மறுபடி தெரிகிறது. மலையடிவாரத்து ஊரில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை. மாவட்டத்தின் இன்னொரு கூட்டுறவு ஆலை மூங்கில்துறைப்பட்டில். இரண்டுமே கள்ளக்குறிச்சியின் பெயரைத் தாங்கியவை, இரண்டும் கள்ளக்குறிச்சி நகரத்தில் இல்லை. நூறு டன் கரும்பைப் பிழிந்தால் கிடைப்பது ஒன்பது, பத்து டன் சர்க்கரை. மிச்சமெல்லாம் தண்ணீரும் சக்கையும். வெட்டிய கரும்பு காயக் காயச் சர்க்கரைச் சத்தும் குறையும். சக்கையை ஊருக்குச் சுமப்பதைவிட ஆலையை வயலுக்குச் சுமப்பது லாபம். நகைக்கடை மக்களைத் தேடிப் போகிறது, சர்க்கரை ஆலை கரும்பைத் தேடிப் போகிறது.

கோமுகி அணையைத் தாண்டிப் பாதை வளைந்து ஏறத் தொடங்கும். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி, மறுபக்கம் சேலம் மாவட்டம். இங்கே வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. கேரளத்தோடு இந்தப் பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடம் வழங்கும் கதை.

தூரத்தின் கணக்கு மலையில் செங்குத்தாகிவிடுகிறது. முன்பு பாதையே இல்லாத காலத்தில் இங்கிருந்து எது கீழே இறங்கியது என்று பாருங்கள்: தேன், கடுக்காய், புளி. மூன்றும் கெடாதவை, எடைக்கு ஏற்ற விலை உள்ளவை, தலைச்சுமையில் வரக்கூடியவை. சாமையும் தினையும் கேழ்வரகும் மலையிலேயே விளைந்து மலையிலேயே தின்று தீர்ந்தன. அவற்றைச் சுமந்து இறக்கியிருந்தால் தியூனனின் குதிரை தின்றதைப் போலச் சுமப்பவரே தின்றிருப்பார். ‘மலைவாசிகள் ஏனோ பணப்பயிர் வைக்கவில்லை’ என்று பழைய அதிகாரிகளின் பாணியில் இன்றும் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அவர்கள் சரியான பயிரைத்தான் வைத்திருந்தார்கள். அந்தத் தொலைவுக்கு அதுதான் சரி.

இன்னொரு சரக்கையும் சொல்லாமல் விட முடியாது. தானியத்தை விற்க முடியாத அளவுக்குத் தள்ளியிருக்கும் பண்ணை என்ன செய்யும் என்று தியூனன் யோசித்திருக்கிறார். அதைச் சாராயமாக வடித்தால் எடை குறைந்து விலை ஏறும், வண்டிக்கூலி கட்டும். அதனால் வடிசாலைகளைத் தன் கடைக்கோடி வளையத்தில் வைத்தார். அவருக்கு முன்பே அமெரிக்காவில் இது நடந்துவிட்டது. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே இருந்த விவசாயிகள் ரை என்ற தானியத்தை விஸ்கியாக்கினார்கள். ஒரு பொதிக்குதிரை தானியமாகச் சுமப்பதைப்போல் பல மடங்கை விஸ்கியாகச் சுமக்கும். அதன்மேல் அரசு 1791-இல் வரி போட்டபோது அவர்கள் கலகமே செய்தார்கள். அவர்களுக்கு விஸ்கி குடிப்பதற்கு மட்டுமான பொருள் இல்லை, மலையைத் தாண்டுவதற்கான வாகனம். கல்வராயன் மலையில் போலீஸ் ஊறலை அழித்தது, லாரி டியூபில் கடத்திய சாராயத்தைப் பிடித்தது என்ற செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். மலையாளி என்றால் சாராயம் காய்ச்சுபவர் என்று ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கும் பேச்சும் கூடவே வரும். அந்தப் பேச்சில் மெக்லன்பர்க் கணக்குக்கு இடமே இருப்பதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். அது ஊறல் பானையில் விளையும் பொருளல்ல, ஆலைகளுக்கான வேதிப்பொருள். ஆனால் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலையின் நிலையை விசாரணைக்கு எடுத்தது.

இப்போது மலையில் தார்ச்சாலை இருக்கிறது. சாலை வந்ததும் மரவள்ளி வந்தது. தியூனன் சொன்னபடியே. மரவள்ளிக்கிழங்கு கனமானது, பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கிவிடும். லாரி வராத இடத்தில் அதைச் சந்தைக்காக நடுவதில் பொருளில்லை. லாரி ஏறியதும் ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு அது இறங்கத் தொடங்கியது. அப்படியானால் தூரம் செத்துவிட்டதா?

இந்தக் கேள்விக்குப் பதில் மெக்லன்பர்க்கில் இல்லை, ஆரணியில் இருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு வட ஆர்க்காட்டுக்கு வந்தது. பசுமைப் புரட்சியின் புதிய நெல் விதைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இலங்கையிலும் என்ன செய்கின்றன என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். குழுவினர் கிராமங்களில் தங்கினார்கள். அவர்களில் ஓர் இளம்பெண் மட்டும் நெல் எங்கே போகிறது என்று பின்னாலேயே போய் ஆரணி நகரத்தில் நின்றார். பார்பரா ஹாரிஸ்-வைட். 1973-இல் அந்த ஊரின் கடைகள், ஆலைகள், மண்டிகளில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து முதலீடு, ஆள், கடன், கொள்முதல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பத்தாண்டு கழித்து மறுபடி வந்தார். அதற்கடுத்த பத்தாண்டிலும் வந்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானார், ஆனாலும் ஆரணியை விடவில்லை. ஒரே சிறுநகரத்தை நாற்பதாண்டுக் காலம் திரும்பத் திரும்பப் பார்த்ததன் விளைச்சல் 2016-இல் அவர் தொகுத்த ‘மிடில் இந்தியா’ என்ற நூல். லண்டனையும் மும்பையையும் படித்தவர்கள் ஆயிரம் பேர். பட்டும் அரிசியும் விற்கும் ஒரு தாலுகா ஊரை இவ்வளவு பொறுமையாகப் படித்தவர்கள் அரிது. பின்னாளில் ஒரு சிறுநகரத்தின் குப்பை எங்கிருந்து எங்கே போகிறது, யார் கையால் போகிறது என்றும் ஆராய்ந்தார். நகரப் பொருளியலாளர் என்றால் குப்பை வண்டியின் பின்னாலும் போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

ஆரணியில் அவர் கண்டது தியூனனின் வழுவழுப்பான சமவெளி இல்லை. சந்தை என்று புத்தகம் சொல்லும் இடத்தில் சாதி, உறவு, ஆண் பெண் வேறுபாடு, கடன் எல்லாம் கிடந்தன. யார் எந்தத் தொழிலில் நுழையலாம், யாருக்குக் கடன் கிடைக்கும், யாருக்கு எந்த விலை என்பதைச் சட்டத்தைவிட அதிகமாக அவைதாம் தீர்மானித்தன. பெரும்பாலான தொழில்கள் சிறு குடும்பத் தொழில்கள். ஊர் வளர்ந்தபோது அவை பெரிய நிறுவனங்களாக வளரவில்லை, பல்கிப் பெருகின. நெல் வியாபாரத்தில் இன்னொரு முடிச்சு: பணம் கொடுப்பவரும் நெல் வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால், வட்டி தனியாகத் தெரியாது. விலைக்குள் ஒளிந்துகொள்ளும்.

தியூனனையும் ஹாரிஸ்-வைட்டையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் வசதிக்காக வைத்துக்கொண்டவை, சந்தை விலை அல்ல.

ஒரு டன் மரவள்ளி ஆலை வாசலில் 8,000 ரூபாய். விளைவிக்க 6,000 ஆகிறது. மிச்சம் 2,000. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 20 ரூபாய் என்றால், நூறாவது கிலோமீட்டரில் மிச்சம் சுழி. அதற்கு அப்பால் மரவள்ளி நடக்கூடாது. இது தியூனன் வளையத்தின் விளிம்பு. (தேன் ஒரு டன் நான்கு லட்சம் என்று வைத்தால் அதே நூறு கிலோமீட்டர் அதன் விலையில் அரைச் சதவீதத்தைத்தான் கடிக்கும். தேன் ஏன் முதலில் இறங்கியது என்பதற்கு விடை.) அறுபதாவது கிலோமீட்டரில் ஒரு மலைத் தோட்டம் இருக்கிறது. வண்டிக்கூலி 1,200 போக 800 நிற்கும். லாபம்தான்.

இப்போது ஆரணியின் பாடத்தைச் சேர்ப்போம். தோட்டக்காரர் ஆடியில் ஒரு வைத்தியச் செலவுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். கிழங்கு அவருக்குத்தான் போக வேண்டும் என்பது பேச்சு. வியாபாரி டன்னுக்கு 1,000 ரூபாய் குறைத்து எடுக்கிறார். 1,000 ரூபாய் என்பது, கிலோமீட்டருக்கு 20 என்ற நம் கணக்கில், ஐம்பது கிலோமீட்டர். தோட்டம் இருந்த இடத்திலேயே இருக்க, அந்தக் கடன் அதை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டது.

அடுத்தது பாயிண்ட். மரவள்ளி வியாபாரத்தில் எடை மட்டும் பேசாது. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்பதைப் பாயிண்ட் என்பார்கள், ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்றுதான் விலை. பாயிண்டுக்கு 300 என்று வைத்துக்கொண்டால், இரண்டு பாயிண்ட் குறைவாகச் சொன்னாலே 600 ரூபாய் போயிற்று. இன்னும் முப்பது கிலோமீட்டர். ஆக, அறுபதில் இருந்த தோட்டம் நூற்று நாற்பதில் போய் நிற்கிறது, மரவள்ளி நடக்கூடாத இடத்தில். இருந்தும் நடுகிறார்கள். அந்த இடைவெளியை நிரப்புவது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் செய்யும் கூலியில்லா வேலை. அதுவும் போதாதபோது கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். மலையிலிருந்து இறங்கும் சரக்குகளில் வண்டிக்கூலி குறைவானது உழைப்புதான். தியூனனின் ஆடுமாட்டைப் போல அதுவும் தன் காலாலேயே நடந்து வந்துவிடும் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் கணக்கு அதுதான்.

தார்ச்சாலை மலையைப் பக்கத்தில் கொண்டுவந்தது என்பது உண்மை. எவ்வளவு பக்கத்தில் என்பதற்கு மைல்கல்லைப் பார்த்துப் பயனில்லை. இந்த மலையின் வரலாறே அதற்குச் சாட்சி. தலைமுறை தலைமுறையாக இது மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று அந்த ஜாகிர்தார்களுக்குப் பட்டப்பெயர். அரசு அதை முழுதாகக் கையில் எடுத்தது 1976 ஜூன் 25 அன்று. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழித்து. இத்தனைக்கும் கச்சிராயப்பாளையத்திலிருந்து பார்த்தால் மலை கண்ணுக்கு எதிரே நிற்கிறது. கண்ணுக்கு எட்டும் இடத்துக்கு ஒரு அரசாங்கம் போய்ச்சேர 29 ஆண்டு ஆனது என்றால், அந்தத் தூரத்தை எந்த வண்டிக்கூலியில் சேர்ப்பது?

தியூனனே கடைசிக் காலத்தில் வண்டிக்கூலியை விட்டு வேறொரு கணக்கில் மூழ்கினார். உழைப்பவருக்கு நியாயமான கூலி எது? பிழைப்புக்குத் தேவையானதையும் உழைப்பு விளைவித்ததையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் கிடைப்பதே அது என்று ஒரு சூத்திரம் கண்டார். பின்வந்த பொருளியலாளர்கள் அதை ஏற்கவில்லை. கணக்காகப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் சூத்திரத்தோடு நிற்கவில்லை. 1840-களின் கடைசியில் தன் பண்ணை ஆட்களுக்கு லாபத்தில் பங்கு ஒதுக்கி, முதுமையில் கைக்கு வரும்படி சேமிப்பாகப் போட்டு வைத்தார். 1850-இல் இறந்தபோது கல்லறையில் அந்தச் சூத்திரத்தையே பொறித்தார்கள். நூல் முழுக்க வளையம் வரைந்தவரின் கல்லில் ஒரு வளையம்கூட இல்லை.

பாயிண்டுக்கு வருவோம். கிழங்கில் மாவு எவ்வளவு என்று பார்க்கும் முறைகளில் எளியது ஒன்று உண்டு. கழுவிய கிழங்கு ஐந்து கிலோவை முதலில் காற்றில் நிறுப்பது, பிறகு அதே கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுப்பது. மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தியானது. மாவு கூடக்கூட, தண்ணீருக்குள் கிழங்கின் எடை கூடுதலாகக் காட்டும். எந்த எடைக்கு எத்தனை பாயிண்ட் என்று ஒரு அட்டவணை இருந்தால் போதும். ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சமாச்சாரம். இதற்கு வேண்டியவை ஒரு கூடை, ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு தராசு. வெள்ளிமலைச் சந்தையில் ஒரு மூலையில் வைத்துவிடலாம், லாரி ஏறுவதற்கு முன்பே தோட்டக்காரருக்குத் தன் கிழங்கின் பாயிண்ட் தெரிந்துவிடும். நம் கணக்கில் அது முப்பது கிலோமீட்டர்ச் சாலைக்குச் சமம். ஒரு வண்டி ஜல்லிகூடத் தேவையில்லை.